திட்டு மேலாண்மை அலுவலகம்

நவம்பர் 20

இன்று காலை ஒன்பதே காலுக்கு, நல்ல நேரம் பார்த்து, எங்கள் கிரைண்டர் கம்பெனியில் திட்ட மேலாண்மை அலுவலகம் தொடங்கப்பட்டது. தலைவர் நான். இருபத்தெட்டு வருடம் ஒரே கம்பெனியில் உழைத்தவனுக்குக் கிடைத்த பதவி உயர்வு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். போன வாரம் வரை நான் உற்பத்தி மேலாளர். அந்த நாற்காலியில் இப்போது அர்த்தநாரி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இந்தக் கம்பெனியில் வேலை கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை.

அலுவலகம் என்பது கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் அறை. ஆயுத பூஜைத் தோரணங்களையும் கால் உடைந்த நாற்காலிகளையும் போட்டு வைத்திருந்த இடம். காற்றோட்டம் குறைவு. ஆனால் என்ன குழம்பு என்பது பதினோரு மணிக்கே தெரிந்துவிடும்.

சின்னவர் ஹரிவர்தன் சுருக்கமாகப் பேசினார். பெரியவர் ஓய்வெடுக்கத் தொடங்கியதிலிருந்து மகன்தான் எல்லாம். ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை மட்டும் பார்க்கிறது, முழுசாக எது எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அதை ஒரே பலகையில் காட்ட ஓர் அலுவலகம் வேண்டும் என்றார். முதல் வேலை, சாய்த்து மாவு எடுக்கும் புது மாடல். பிப்ரவரி 20 காலை ஒன்பது மணிக்கு டீலர்கள் கூட்டம். வருகிற அத்தனை பேருக்கும் அந்த கிரைண்டரிலேயே அரைத்த மாவில் இட்லி. அந்த நாள் ஒழுங்காக நடந்தால் அலுவலகம் நிலைக்கும். இல்லாவிட்டால், "ஸ்டோர்ஸ்ல ஒரு ஸ்டூல் காலியா இருக்குதுங்ணா" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தீபாவளி விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 22

பெயர்ப்பலகை வந்தது. பெயின்டர் ஒரு கொக்கி கூடுதலாகப் போட்டு, 'திட்டு மேலாண்மை அலுவலகம்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் பார்ப்பதற்குள் கம்பெனி முழுக்கப் பார்த்துவிட்டது. மதியம் லேத் ஆபரேட்டர் ஒருவர் கதவைத் தட்டி, வீட்டில் வாங்கியது இன்றைக்குப் போதும், நாளைக்கு வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெயின்டருக்கு போன் செய்தேன். நாளைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார்.

நவம்பர் 25

எனக்கு உதவியாக டிஸ்பேட்சிலிருந்து நஸ்ரீன் வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். பதினோரு வருடம் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டியவர். அதனால் யார் என்ன சொன்னாலும் அவர்களுடைய முகத்தை ஒரு விநாடி பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். எனக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

ஆலோசனை நிறுவனம் ஒன்று அனுப்பிய படிவம் முழுக்க ஆங்கிலம். ஷாப்பில் மிஷின் ஓட்டுகிற யாருக்கு அது புரியும்? நான் ஒரே பிற்பகலில் தமிழாக்கிவிட்டேன். 'ஆகணும்' என்றால் சிவப்பு, 'ஆகுது' என்றால் மஞ்சள், 'ஆச்சு' என்றால் பச்சை. நம் ஆட்கள் பேசுகிற அதே வார்த்தைகள். இதைச் செய்ய வெளியிலிருந்து ஒருவரால் முடியாது. நஸ்ரீன் படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஆச்சுன்னா ஆச்சுங்களா சார்?" என்று கேட்டார். ஆச்சு என்றால் ஆச்சுதான் என்றேன்.

டிசம்பர் 2

முதல் ஆய்வுக் கூட்டம். புது மாடலுக்கு இருபத்து மூன்று வேலைகள் என்று பிரித்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டேன். கல் ஆர்டர் போட்டாச்சா? "ஆச்சுங்க." பாடிக்கு மோல்டு? "ஆச்சுங்க, ஆச்சுங்க." மோட்டார்? "அது ஆச்சுங்களே." நஸ்ரீன் பச்சை பூசிப் பூசிக் கை ஓய்ந்துபோனார். பன்னிரண்டு நாள் வயதான ஓர் அலுவலகம் இந்த வேகத்தில் பலன் தரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அர்த்தநாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்தபோது ஆச்சுங்க என்று தரையைப் பார்த்துச் சொன்னார். என்னை நேராகப் பார்க்கக் கூச்சம் போலும். தீபாவளி விஷயத்தைச் சின்னவரிடம் போட்டுக்கொடுத்தது அவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

டிசம்பர் 3

டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாச்சா என்று என் மனைவி மரகதம் கேட்டாள். ஆச்சு என்றேன்.

டிசம்பர் 19

அறைக்குள் இருக்கும் வேலைப் பலகை மாந்தோப்பு மாதிரி இருக்கிறது. சின்னவர் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு எல்லாப் பச்சையையும் ஒரு முறை படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மகிழ்ச்சியில் வார்த்தை வரவில்லை என்று நினைக்கிறேன்.

பெயின்டர் இன்னும் வரவில்லை. கேட்டால், ஆச்சுங்க என்கிறார்.

ஜனவரி 5

பலகையில் ஒட்டுவதற்கு நான்கு படம் இருந்தால் அழகாக இருக்கும் என்று நஸ்ரீனைப் போனோடு அனுப்பினேன். கல், மோல்டு, மோட்டார், சாய்க்கும் பூட்டு, நான்கையும் எடுத்து வரச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு படத்தோடு வந்தார். அது கேன்டீன் பூனை.

கல்லுக்கு ஆர்டர் போகவே இல்லை. மோல்டு வரைபடமாக இருக்கிறது. பூட்டு அர்த்தநாரியின் மனதில் இருக்கிறது. மோட்டார் மட்டும் உண்டு, ஆனால் அது பழைய மாடலுடையது.

அவர்கள் பொய் சொன்னார்கள் என்று உடனே எழுத வந்தேன். எழுத முடியவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். 'ஆச்சுங்க' என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா? நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். 'ஆச்சுங்க ஆச்சுங்க' என்று இரண்டு தடவை வந்தால் இன்னும் தொடவில்லை, நச்சரிக்க வேண்டாம் என்று அர்த்தம். 'ஆன மாதிரிதானுங்க' என்றால் பாதி. 'ஆயிப்போச்சுங்க' என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. உண்மையிலேயே முடிந்திருந்தால் 'ஆயிருச்சுங்க' என்று சொல்லிவிட்டு அந்தப் பொருளையே கையில் எடுத்துக் காட்டுவார்கள். வாயால் சொல்லும்போது ஒருவரும் ஏமாறுவதில்லை. நான் அதற்குப் பச்சை பூசினேன், அதுதான் கோளாறு.

படிவத்தைத் தமிழாக்கியது யார் என்று சின்னவர் கேட்டால் ஆலோசனை நிறுவனம் என்று சொல்லலாமா என யோசித்தேன். நஸ்ரீன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி 6

அர்த்தநாரியை வரச் சொல்லி, கதவைச் சாத்தாமலே பேசினேன். பேசினேன் என்பது சரியான சொல் அல்ல. கேன்டீனில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார்.

"முடிச்சுட்டீங்களாண்ணா?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன்.

"ஆகலைன்னு சொல்லியிருந்தா இதைய ஒரு மாசம் முன்னாடியே வாங்கியிருப்பனுங்க. ஆச்சுன்னு சொன்னதுல ஒரு மாசம் நிம்மதியா வேலை பாத்தேன். வெளிய பலகையிலயே எழுதி வெச்சிருக்கறீங்க."

அவர் போன பிறகு வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன். அந்தக் கொக்கி வெயிலில் நன்றாகவே தெரிந்தது.

ஜனவரி 8

ஒரு முக்கியமான சீர்திருத்தம். படிவத்தில் 'பார்த்தவர்' என்று ஒரு புதுக் கட்டம் சேர்த்திருக்கிறேன். வேலை முடிந்ததை யார் தன் கண்ணால் பார்த்தாரோ அவர் பெயரை எழுத வேண்டும். பெயர் இல்லாவிட்டால் பச்சை இல்லை. யோசனை என்னுடையது. அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது நஸ்ரீன். டிஸ்பேட்சில் லாரி கிளம்பியாச்சு என்று யாராவது சொன்னால், பின்பக்க நம்பரை யார் பார்த்தது என்று கேட்பது அவர் வழக்கமாம்.

இன்னொரு விதியும் உண்டு. ஆகலை என்று சொல்கிறவரை யாரும் சத்தம் போடக் கூடாது. இதைச் சொல்லும்போது நஸ்ரீன் என்னைப் பார்த்தார். 'யாரும்' என்பதில் நானும் சேர்த்திதான் என்றேன்.

ஜனவரி 9

இருபத்து மூன்றில் இருபத்தொன்று சிவப்பு. சின்னவர் வந்து பார்த்துவிட்டு, அலுவலகம் வைத்த பிறகுதான் வேலை பின்னால் போகிறதா என்று கேட்டார். வேலை எங்கே இருந்ததோ அங்கேதான் இருக்கிறது, நமக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்றேன். நல்ல பதில் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. போகிற வழியில் ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பினார். டீ குடிக்கத்தான் போயிருப்பார்.

ஜனவரி 15

பொங்கல். பலகையைப் பற்றி நினைக்கவில்லை. இரண்டு முறைதான் நினைத்தேன்.

ஜனவரி 28

ஒன்பது பச்சை. எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. எட்டில் நஸ்ரீன் பெயர். செருப்பு தேய்ந்துவிட்டது என்கிறார். மோல்டு வந்ததை நானே போய்த் தொட்டுப் பார்த்து, என் பெயரை எழுதினேன். ஷாப் தரையில் கால் வைத்து இரண்டு மாதமாகிறது. பழைய ஆட்கள் இரண்டு பேர் நட்டு போல்ட்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, வாங்ணா என்றார்கள். கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்தேன். எண்ணெய்ப் புகை படிந்துவிட்டது போலும்.

திரும்பி வரும்போது நஸ்ரீன், அர்த்தநாரி சார் உங்களுக்காகச் சின்னவரிடம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் பேச்சு வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் மரகதம் காபி கொடுத்தாள். சர்க்கரை இல்லை. ஏன் என்றேன்.

"ரத்தம் குடுத்தாச்சுன்னு டிசம்பர்ல சொன்னீங்களே. பாத்தவங்க யாருங்க?"

வீட்டில் உட்கார்ந்து அலுவலக விஷயத்தை போனில் பேசக் கூடாது என்று இப்போது புரிகிறது.

பிப்ரவரி 10

அட்டவணையைச் சரிபார்க்க வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். பூட்டு, கல், மோட்டார் எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்து, 19ஆம் தேதி இயந்திரம் தயார், எட்டு மணி நேரம் ஓடவிட்டுச் சோதனை, 20 காலை ஏழு மணிக்கு மாவு அரைத்தல், ஒன்பது மணிக்கு இட்லி. மரகதம் ரசம் ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு அரைச்சா எப்பங்க புளிக்கும்?"

நான் ரசத்தை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு பொறியாளர்கள், ஓர் ஆலோசனை நிறுவனம், இங்கிலாந்தில் படித்த சின்னவர், இருபத்தெட்டு வருடமாக கிரைண்டர் செய்கிற நான். மாவு புளிக்க ஓர் இரவு வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிசி ஊறவைப்பதற்கும் அட்டவணையில் கட்டம் கிடையாது.

பிப்ரவரி 11

கூட்டத்தில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் மாவு தானாகவே வருகிறது என்று இவ்வளவு நாள் நம்பியவர்களின் அமைதி அது. நஸ்ரீன் மட்டும், தானும் கவனிக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் கண்டுபிடிக்காத ஒன்றை என் வீட்டில் கண்டுபிடித்தார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

எல்லாவற்றையும் முன்னால் தள்ளினோம். 17 இயந்திரம் தயார், 18 சோதனை, 19 மாலை மாவு. 'பார்த்தவர்' கட்டத்தில், மாவு பொங்கியதா என்பதற்கு எதிரே மரகதத்தின் பெயரையே சின்னவர் எழுதச் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 16

கல் வரவில்லை. கல் கொத்துகிறவர் வீட்டில் கல்யாணம். பத்திரிகை மூன்று வாரமாக எங்கள் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. நானும் படித்து, மொய் எழுதப் போகணும் என்று நினைத்திருக்கிறேன். அவருடைய கல்யாணம் எங்கள் கல்லை நிறுத்தும் என்று மட்டும் நினைக்கவில்லை. அர்த்தநாரி நேரில் வந்து, ஆகலீங்க, 19 சாயங்காலம்தான் கல்லை மாட்டி முடியும் என்றார். நான் சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்தேன். பிறகு நன்றி என்றேன். அவர் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 19

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மாலை நான்கு மணிக்கு இயந்திரத்தைப் பொருத்தி முடித்தார்கள். அரிசியும் உளுந்தும் கேன்டீனில் காலையிலிருந்தே ஊறிக்கொண்டிருந்தன. உடனே அரைத்தால் நாளைக்கு இட்லி உண்டு. ஆனால் எட்டு மணி நேரச் சோதனையைத் தொடங்கினால் நள்ளிரவில்தான் முடியும், அதற்குப் பிறகு அரைக்கிற மாவு காலைக்குள் புளிக்காது. சின்னவர், அர்த்தநாரி, நஸ்ரீன், நான், நாலு பேரும் இயந்திரத்தைச் சுற்றி நின்றோம். கடையில் மாவு வாங்கிக்கொள்ளலாம் என்று மார்க்கெட்டிங்கிலிருந்து போன் வந்தது. நஸ்ரீன் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சின்னவர் என்னிடம் திரும்பினார். "ஒரே ஒரு மிஷின் தானுங்ணா. டெஸ்ட் ஆச்சுன்னு போட்டுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

நாளைக்கு இட்லி இல்லையென்றால் என் அலுவலகமும் இல்லை. அதை அவர் சொல்லத் தேவையில்லை. படிவம் என் கையில் இருந்தது. பச்சைப் பேனாவும் இருந்தது.

போன தீபாவளிக்கு முன்னால், பெரியவர் இதே இடத்தில் நின்று, மோட்டார் எல்லாம் ஓட்டிப் பார்த்தாச்சா என்று என்னைக் கேட்டார். ஐம்பது பார்த்திருந்தோம், நூற்றைம்பது பாக்கி. இல்லை என்றால் கத்துவார். ஐம்பத்தாறு வயதில் எனக்குத் திட்டு வாங்கப் பயமாக இருந்தது. ஆச்சுங்க என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. யார் யார் வீட்டுச் சமையலறையிலோ புகை வந்தது. ஒரு வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கையில் காயம். தழும்பு இருக்கும் என்று சொன்னார்கள். இதைத்தான் மூன்று மாதமாக எழுதாமல் இருந்தேன்.

"ஆகலீங்க தம்பி," என்றேன். "போன தீபாவளிக்கும் ஆகலீங்க. ஆச்சுன்னு நான் சொன்னது பொய்."

சின்னவர் பச்சைப் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடினார். பிறகு, "தெரியுங்ணா. அர்த்தநாரிண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரு. சொல்லிட்டு, உங்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்னு கெஞ்சினதும் அவர்தான்" என்றார்.

அர்த்தநாரி பெல்ட்டைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டார். பெல்ட் சரியாகத்தான் இருந்தது.

சோதனை தொடங்கியது. மூன்றாவது மணி நேரத்தில் மோட்டாரின் கெபாசிட்டர் சூடேறி, புகை வந்து நின்றுபோனது. அரைத்திருந்தால் மாவோடு நின்றிருக்கும். மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்கள். அர்த்தநாரி கையைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "உளுந்து வடைக்குப் புளிக்க வேண்டியதில்லீங்களே."

இரவு ஷிப்டோடு தானே இருந்து பார்ப்பதாகவும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தீபாவளியையும் சொன்னேன். தெரியும் என்றாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு ரகசியத்தை நான் ஒருவனாகவே காத்து வந்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

காலை ஆறு மணிக்குப் புது உளுந்து ஊறப் போட்டோம். எட்டு மணிக்கு, முன்கூட்டியே வந்துவிட்ட டீலர்களின் கண்ணெதிரே அரைத்து, சாய்த்து எடுத்தோம். மரகதம் ஒரு துளியைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள், மிதந்தது. ஒன்பது மணிக்கு முதல் வடை. சேலத்து டீலர் ஆறு சாப்பிட்டார். இட்லி என்று சொன்னீர்களே என்று ஒருவர் கேட்டபோது சின்னவர் மறைக்காமல், இயந்திரத்தைச் சோதித்து முடிக்க நேரமானது, அதனால் வடை என்றார். அந்தச் சோதனைத் தாளைக் காட்ட முடியுமா என்று கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பார்த்தவர் என்ற இடத்தில் அர்த்தநாரியின் கையெழுத்து, எட்டு முறை, மணிக்கு ஒன்றாக.

பிப்ரவரி 23

அலுவலகம் இருக்கும் என்று சின்னவர் சொல்லிவிட்டார். அறையும் இதேதான். இன்றைக்குப் புளிக்குழம்பு.

காலையில் இருந்து மூன்று பேர் தாங்களாகவே கதவைத் தட்டி, ஆகலீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் உட்கார்ந்து டீயே குடித்தார். மதியம் பெயின்டர் ஏணியோடு வந்து கொக்கியை அழித்தார். அர்த்தநாரி ஏணியைப் பிடித்துக்கொண்டார். இனி திட்டு வேண்டுமென்றால் எங்கே போவது என்று கேட்டார். வீட்டுக்கு வாங்க என்றேன்.

பிப்ரவரி 24

ரத்தப் பரிசோதனை: ஆயிருச்சு. பார்த்தவர்: மரகதம். வெறும் வயிற்றில் போக வேண்டும், வழியில் டீக்கடை இருக்கிறது என்பதால் வாசல்வரை அல்ல, ஊசி போடுகிற நாற்காலிவரை கூடவே வந்தாள். எண் எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை. அவள் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் சிவப்புப் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்தும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.